சீமெந்து இல்லாத ஊரில் வீட்டுப்படம்

கணினியில் வீடு கீறுகிற பிள்ளைகள் சிலர் அண்மையில் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு கட்டடக்கலைஞர்கள், ஒரு மேடை அலங்காரக்காரர், புத்தகங்களுக்கு அட்டை செய்கிற ஒரு பெண். எல்லோரும் சேர்ந்து நம்பிக்கையைப் பற்றி ஒரு நாள் பேசப்போகிறார்களாம். அதற்கு அந்தக் காலத்துப் படவரைஞர் ஒருவர் தேவைப்பட்டார். என் தொழிலில் எனக்கு மூத்தவர்கள் ஒன்றில் கனடாவில் இருக்கிறார்கள், அல்லது காலமாகிவிட்டார்கள். இரண்டிலும் சேராதவன் நான் ஒருவன்தான் என்பதால் தேர்வு சுலபமாக முடிந்தது.

நம்பிக்கை பற்றி எனக்குச் சொந்தமாக அபிப்பிராயம் எதுவும் கிடையாது என்று சொன்னேன். நிறைய வாசித்திருக்கிறேன். வாசித்தவற்றில் நம்பிக்கை வருகிற பக்கங்களைச் சற்று வேகமாகப் புரட்டியிருக்கிறேன். அவர்கள் இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அட்டை செய்கிற பெண் மட்டும் உருப்படியாக ஒன்று கேட்டாள்.

"அங்கிள், அந்தக் காலத்திலை யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்தே வராது. பிறகு ஆர் உங்களிட்டை வந்து வீட்டுப்படம் கீறுவிச்சது? என்னத்துக்கு?"

அந்தக் காலத்திலேயே எனக்கும் இருந்த கேள்விதான். கூட்டத்தில் எனக்குக் கிடைத்த நேரத்துக்குள் பதில் அடங்கவில்லை. ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

நான் படவரைஞன் ஆனது எந்த இலட்சியத்தாலும் அல்ல. பொறியியலாளன் ஆவதற்குக் கணக்குப் போதவில்லை. ஓவியன் ஆவதற்குச் சித்திரம் போதவில்லை. இரண்டும் போதாதவர்களுக்கென்றே ஒரு தொழில் இருப்பதாகப் பள்ளிக்கூட அதிபர் கண்டுபிடித்துச் சொன்னார். கொழும்பில் ஒரு கட்டடக் கந்தோரில் பழகச் சேர்ந்தேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கந்தோரும் எரிந்தது, நான் தங்கியிருந்த அறையும் எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது என் கையில் மிஞ்சியிருந்தது ரீ-ஸ்குவெயர் ஒன்று மட்டும். நேர்கோடு கீறுவதற்கான நீண்ட மரச்சட்டம் அது, தலையில் குறுக்காக இன்னொரு கட்டை இருக்கும். துறைமுகத்தில் சாப்பாடு கொடுத்துக்கொண்டு நின்ற குருநகர் அம்மா ஒருவர் அதைச் சிலுவை என்று நினைத்து, வரிசையில் பின்னால் நின்ற என்னைக் கூப்பிட்டு முதலில் பாணும் பருப்பும் தந்தார். நான் சைவம் என்று திருத்தப் பசி விடவில்லை.

அடுத்து நான் சேர்ந்த இடம் நெல்லியடிச் சந்தியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடி. அரசாங்க வேலைப்பகுதியில் தலைமைப் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்ற அருளம்பலம் ஐயா அங்கே சொந்தமாகக் கந்தோர் வைத்திருந்தார்.

ஐயா ஒரு படத்தைத் தொடுமுன் கையைக் கழுவுவார். கழுவித் துடைத்த பிறகும் உள்ளங்கையை நம்பமாட்டார், அதில் வேர்வை ஒளிந்திருக்கும் என்பது அவர் கொள்கை. புறங்கையால்தான் தாளைத் தடவிப் பார்ப்பார். இரண்டு கோடு சந்திக்கிற மூலையில் ஒன்றையொன்று மயிரளவு தாண்டிப் போகவேண்டும். சரியாக முட்டிக்கொண்டு நின்றால், "பயந்தவன் கீறின மூலை" என்பார். அவர் பிழைக்கு ஏசி நான் கண்டதில்லை. பிழை என்றுகூடச் சொல்லமாட்டார். தன் பென்சிலைப் படத்தின் மேல் குறுக்காக வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கிவிடுவார். பென்சில் கிடக்கிற இடத்துக்குக் கிட்ட எங்கேயோ பிழை இருக்கிறது என்று அர்த்தம். அவர் படியேறி வருவதற்குள் கண்டுபிடித்துத் திருத்தினால் பென்சிலை எடுத்துக் காதில் செருகுவார். கண்டுபிடிக்காவிட்டால் மறுபடி இறங்குவார். நான் கீறிய மாடிப்படி ஒன்றினால் தேத்தண்ணிக் கடைக்காரர் தன் மகளுக்குக் கலியாணம் செய்துவைத்தார் என்று கந்தோரில் ஒரு கதை இருந்தது. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் அத்திவாரம் இல்லாத கதை அல்ல.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றறி என்று தடைசெய்த பொருட்களின் வரிசை நீண்டுகொண்டே போய்ச் சீமெந்திலும் கம்பியிலும் வந்து நின்றது. தர்க்கப்படி எங்கள் கந்தோரைப் பூட்டவேண்டும். நான் வேறு வேலைகூட யோசித்து வைத்திருந்தேன், மிதிவண்டி ரயருக்கு ஒட்டுப்போடுவது. அதற்கும் கணக்கு அவ்வளவு தேவையில்லை.

ஆனால் ஆட்கள் வந்தார்கள். முன்னைவிடக் கூட வந்தார்கள். ஒருவருக்குப் படுக்கையறைக்குள் சுவிச் கட்டிலின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தீர்ந்தாகவேண்டும். அவருடைய ஊரில் மின்கம்பி அறுந்து விழுந்து, அதில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொருவருக்குக் கார் நிற்க முகப்பு வேண்டும். அவர் வந்தது ரயருக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய்த் துண்டு சுற்றிய சைக்கிளில். கணவன் மனைவியாக வந்தவர்கள் சமைக்கிற குசினியின் கதவு கிணற்றைப் பார்ப்பதா, பின்வளவுக் கோடியைப் பார்ப்பதா என்று என் மேசையில் சண்டைபிடித்து, தனித்தனியாகப் படியிறங்கிப் போனார்கள். இல்லாத வீட்டுக்குள் இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படம் கீறும் மெல்லிய தாள் தட்டுப்பாடாகி, பழைய படங்களின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினோம். முன்பக்கத்தில் யாரோ எழுபதுகளில் கட்டிய நல்ல வீடு, பின்பக்கத்தில் எப்போதோ கட்டப்போகிற வீடு.

இந்த ஆட்களில் ஒருவர் வைத்திலிங்கம் ஐயா. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் உழைக்கும் வயது முழுவதையும் கழித்தவர். தொண்ணூறில் ஊரோடு இடம்பெயர்ந்து, கரவெட்டியில் சொந்தக்காரர் ஒருவரின் பின்னறையில் மகளோடு இருந்தார். மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகன் கனடாவில். பின்னறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மனைவி வழியில் வந்த ஒரு வெறும் வளவு. அதில் வீடு கட்டவேண்டும், படம் கீறித்தாரும் என்று வந்தார்.

சீமெந்துக்கு என்ன செய்வதாக யோசனை என்று மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, இலங்கை முழுக்கச் சீமெந்து குடுத்த கை இது. எனக்கு நீர் சீமெந்து படிப்பிக்காதையும். நீர் படத்தைக் கீறும்."

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் வந்தார். வந்து, என் மேசைக்கு எதிரே குடையைச் சாய்த்துவிட்டு, விறாந்தையின் அகலத்தில் தொடங்குவார். தொழிற்சாலையில் படங்களோடு புழங்கியவர் என்பதால் கோட்டை விரலால் தொடாமல், சற்று மேலே பிடித்துக்கொண்டு பேசுவார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே அருளம்பலம் ஐயாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

மகள் வந்தது ஒரு வேலைநாளில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு. பவானி ரீச்சருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, அப்பாவின்ரை படத்தைக் கீறி முடிக்காதேங்கோ," என்றாள்.

என் தொழில் வாழ்க்கையில் படத்தைக் கெதியாகத் தா என்று கேட்டவர்கள் உண்டு. திருத்தித் தா என்று கேட்டவர்கள் அநேகம். முடிக்காதே என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். ரீச்சர் நின்றபடியே விசயத்தைச் சொன்னாள். அவளுடைய தம்பி கனடாவுக்குக் கூப்பிட எல்லா ஒழுங்கும் செய்துவிட்டான், ஊரை விட்டு வெளியேற இருவருக்கும் பாஸும் கிடைத்துவிடும். கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டியதுதான் மிச்சம். ஆனால் தகப்பன் வீடு கட்டாமல் அசையமாட்டேன் என்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டு அவள் போகப்போவதில்லை. கனடாவில், முன்பு இவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒருவர் இவளுக்காகக் காத்திருக்கிறார்.

"எவ்வளவு காலத்துக்குக் காத்திருப்பார் எண்டு எனக்குத் தெரியாது. கேக்கவும் ஏலாது. படம் கையிலை வந்துதெண்டால் அப்பா அடுத்த நாளே அத்திவாரம் வெட்டிப்போடுவார். பிறகு அவரை அசைக்கேலாது. கொஞ்சக் காலம் இழுத்தீங்கள் எண்டால் அலுத்துப்போய் ஓம் எண்டுவார்."

நான் இதை அருளம்பலம் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பிழை இருக்கிற படம் இந்தக் கந்தோரை விட்டு வெளியிலை போகாது," என்றார்.

"அதிலை பிழை இருக்கோ ஐயா?"

"தேடினால் இருக்கும்."

தேடவேண்டி வரவில்லை. வளவை அளக்கப் போனபோது பிழை நடுமத்தியில் கிடந்தது. ஒரு பங்கர், பதுங்குகுழி. வெறும் வளவு என்பதால் ஒழுங்கையில் இருந்த சனமெல்லாம் சேர்ந்து அங்கே வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு வைத்திருந்தார்கள். குண்டு போடுகிற பொம்பர் வந்தால் ஒழுங்கையே அதற்குள் இறங்கும். வைத்திலிங்கம் ஐயாவின் படத்தில் அது சரியாகக் குசினியில் விழுந்தது.

வளவில் ஏற்கெனவே இருக்கிறதைப் படத்தில் காட்டவேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். கிணறு இருந்தால் கிணறு, பனை இருந்தால் பனை. ஆகவே பங்கர். கட்டிய சுவருக்குக் கீறுகிற மாதிரி அழுத்தமான கோட்டில் ஒரு நீள்சதுரம் போட்டேன். வைத்திலிங்கம் ஐயா அந்தச் சனிக்கிழமை அதைப் பார்த்தார்.

"உது என்ன?"

"பங்கர், ஐயா."

"என்ரை குசினிக்கை பங்கரோ? அழியும் உதை. நான் வீட்டுக்குத்தான் படம் கேட்டனான்."

இருக்கிறதைக் காட்டாமல் விட முடியாது என்றேன். இருக்கக் கூடாததைக் காட்டுவது என்ன தொழில் என்றார். வீடு தன் பேரப்பிள்ளைகளுக்கும் நிற்கப்போகிறது, படத்தில் பங்கரைப் போட்டால் சண்டையும் அதுவரை நிற்கும் என்று கையெழுத்து வைத்த மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. போடாவிட்டால் படம் பொய் சொல்கிறது என்பது என் கட்சி. ரீச்சர் கேட்ட தாமதம் இப்படி ஒரு கொள்கைத் தகராறாக, மிகவும் கௌரவமான முறையில் எனக்குக் கிடைத்தது. சனிக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அலுக்கவில்லை. நான்தான் இரவில் படுக்கும்போது அவருக்குப் பதில்கள் தயாரிக்கத் தொடங்கியிருந்தேன்.

இந்த நிலையில்தான் குலசேகரம் மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர், தாள் கிடைக்கும் மாதங்களில் ஒரு சிறுசஞ்சிகையும் நடத்துபவர். வாசிகசாலையில் ஒரு கூட்டம், கலைஞர்கள் நம்பிக்கையைப் பற்றிக் கதைக்கப்போகிறார்கள், வீடு கீறுகிறவர் ஒருவரும் வேண்டும் என்றார். அவர் கேட்டது அருளம்பலம் ஐயாவை. ஐயா என் பக்கம் கையைக் காட்டினார்.

"உவனைக் கொண்டுபோங்கோ. உவனுக்குக் கீறுறதிலும் பாக்கக் கதை நல்லா வரும்."

கூட்டம் பின்னேரம், இருட்டுமுன் முடிகிற மாதிரி. அறிவித்தல் ஒட்டத் தாள் இல்லாததால் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதி வாசலில் சாத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி.

முதலில் பேசியவர் குருநகர் அந்தோனியண்ணை. நாட்டுக்கூத்துக்குக் காட்சித்திரை கீறுகிறவர். நம்பிக்கை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நீலத்தைப் பற்றிச் சொன்னார். கடல் கீற நீலப்பொடி இல்லை. உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துக் கீறினார். காய்ந்ததும் கடல் வெளுத்துப்போய்த் தோய்த்த சாரத்துணி மாதிரி வந்துவிட்டதாம். அந்தக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை. ஆகவே வள்ளம் ஒன்றும் போடாமல் வெறும் கடலாக விட்டிருக்கிறார். கூத்துத் தொடங்கமுன் திரையைக் கண்ட சனம் ஒரே சத்தம். உன்ரை கடலிலை ஏன் வள்ளம் இல்லை என்று கேட்டார்கள். மெய்யான கடலிலும் இல்லைத்தானே என்றாராம். அது எங்களுக்குத் தெரியும், நீ உன்ரை வேலையைச் செய் என்றார்களாம். நாடகம் தொடங்கிய பிறகும் திரைக்குப் பக்கத்தில் ஏணி வைத்து வள்ளம் கீறிக்கொண்டு நின்றிருக்கிறார், அரசன் முன்னால் பாடிக்கொண்டிருக்க.

அடுத்தவர் அளவெட்டித் தவில்காரர் ஒருவர். அவர் ஒரு கலியாண வீட்டைச் சொன்னார். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் அடிப்பது, அந்த நல்ல நேரத்தில் கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக. அன்றைக்குத் தாலி எடுத்துக் கொடுக்கும் நேரம் பார்த்து மேலே பொம்பர் சுற்றத் தொடங்கியது. சபையில் பாதி எழும்பிவிட்டது. ஐயர் இவரைப் பார்த்தார், இவர் நாதஸ்வரக்காரரைப் பார்த்தார்.

"கெட்ட சத்தத்துக்குத்தானே மேளம் வைச்சது. அடிச்சன். வேறை என்னத்தைச் செய்யிறது? ஆர் வெண்டது எண்டு கேக்காதேங்கோ. மாப்பிள்ளை தாலியைக் கட்டிப்போட்டான்."

இவர்களுக்குப் பிறகு என் பெயரைச் சொன்னார்கள். நான் ஆயத்தப்படுத்தி வந்திருந்த மேற்கோள்கள் எல்லாம் தவில் சத்தத்தில் அடிபட்டுப் போயிருந்தன. கையில் மிஞ்சியது பங்கர் தகராறுதான். பெயர் சொல்லாமல் அதைச் சொன்னேன். ஒரு வளவு, நடுவில் பங்கர், வீடு கட்டப்போகிறவர் அதைப் படத்தில் போடாதே என்கிறார், நான் போடவேண்டும் என்கிறேன். போட்டால் நம்பிக்கையீனம், போடாவிட்டால் பொய். உங்கள் திரையில் வள்ளத்தைப் போட்டுவிடலாம் அண்ணை, என் படத்திலிருந்து பங்கரை எடுக்க முடியவில்லையே என்று அந்தோனியண்ணையைப் பார்த்துக் கேட்டேன். சபை ரசித்தது. நான் நன்றாகப் பேசுகிறேன் என்ற எண்ணம் எனக்கே வந்துவிட்டது. அந்த எண்ணம் வந்தால் உடனே ஏதாவது நடக்கும் என்பது என் அனுபவம்.

மூன்றாவது வரிசையில் வைத்திலிங்கம் ஐயா எழும்பினார். பக்கத்தில் ரீச்சர்.

"நான்தான் அந்த வளவுக்காரன்," என்றார். "தம்பி நல்லாக் கதைக்கிறார். ஆனால் பங்கர் ஒரு சாட்டு. எனக்கு விளங்காதெண்டு நினைக்கிறார். இந்த மனுசன் என்ரை படத்தை ஏன் முடிக்காமல் வைச்சிருக்கிறார் எண்டு சபையிலை சொல்லட்டும்."

நான் ரீச்சரின் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்று, கூரையையே பார்த்தேன்.

"அவரைக் கேக்காதேங்கோ அப்பா," என்று ரீச்சர் எழும்பினாள். "நான்தான் முடிக்க வேண்டாம் எண்டு சொன்னனான்."

வைத்திலிங்கம் ஐயா மகள் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை?"

"படம் வந்தால் நீங்கள் என்னோடை வரமாட்டியள்."

"ஆர் சொன்னது? படம் வராததாலைதானே நான் நிக்கிறன்."

எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் சபைக்குச் சொல்வதா மகளுக்குச் சொல்வதா என்று தடுமாறி, கடைசியில் மகளுக்கே சொன்னார்.

"காங்கேசன்துறையாலை ஓடி வந்தனாங்கள். கதவைப் பூட்டினனோ இல்லையோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப ஆற்றையோ பின்னறையிலை கிடக்கிறம். அதுக்குள்ளையிருந்து கனடாவுக்கு வெளிக்கிட்டால் நான் எங்கையிருந்து வெளிக்கிட்டவன்? அது ஓடுறது. ஒருக்கா ஓடினது எனக்குக் காணும். எனக்கு ஒரு வீடு வேணும் பிள்ளை, வெளிக்கிடுறதுக்கு. ஒரு வீட்டிலையிருந்து வெளிக்கிட்டவன்தான் திரும்பி வரலாம்."

தலைமை தாங்கிய குலசேகரம் மாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "ஆனால் ஐயா, சீமெந்து இல்லையே," என்றார்.

"சீமெந்து இல்லையெண்டு எனக்கோ சொல்லுறியள்?"

முதலில் சிரித்தது தவில்காரர். பிறகு சபை முழுவதும். ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நம்பிக்கை பற்றி மாஸ்டர் சொல்லவிருந்த தொகுப்புரை அந்தச் சத்தத்தில் காணாமல் போய்விட்டது, பிறகு எந்தச் சஞ்சிகையிலும் வரவுமில்லை.

திங்கட்கிழமை நான் சொல்லுமுன்பே அருளம்பலம் ஐயாவுக்குக் கதை வந்துவிட்டது. அவர் தன் மேசை லாச்சியைத் திறந்து, இருபுறமும் வெறுமையான நல்ல தாள் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். அப்படி ஒரு தாள் கந்தோரில் இன்னும் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. கீறி முடித்தேன். விறாந்தை, மண்டபம், இரண்டு அறை, குசினி, அதற்குள் அழுத்தமான கோட்டில் பங்கர். ஐயா வந்து கையைக் கழுவினார், பார்த்தார், பென்சிலைக் குசினிக்கு மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனார்.

விளங்கிவிட்டது, இவரும் வைத்திலிங்கம் ஐயாவின் கட்சி. சவர அலகால் பங்கரைப் பதமாகச் சுரண்டி எடுத்தேன். அவர் வந்தார். பார்த்தார். பென்சிலை அதே இடத்தில், இப்போது வெறுமையாக இருந்த குசினிக்கு மேல் வைத்துவிட்டு மறுபடி இறங்கினார்.

இருந்தாலும் பிழை, இல்லாவிட்டாலும் பிழை. வாழ்க்கையில் நான் வாசித்த தத்துவங்கள் பலவும் இந்த இடத்தில்தான் வந்து நின்று கைவிரித்தன. பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், படவரைஞர் வேலை பழகத் தொடங்கிய முதல் கிழமையில் சொல்லித்தருகிற ஒரு விசயம் ஞாபகத்துக்கு வந்தது. புதிதாகக் கட்டப்போவதற்கு முழுக்கோடு. இப்போது நிற்கிறது, ஆனால் வேலை நடக்கும்போது இடித்து அகற்றப்படும் என்பதற்கு விட்டு விட்டுக் கீறுகிற கோடு. பழைய மாட்டுக்கொட்டிலையும் இடிந்த மதிலையும் அப்படித்தான் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். பங்கருக்கு அது பொருந்தும் என்று ஏனோ தோன்றியதே இல்லை. அது இடிபடுகிற சாமான் என்பதை என் கை நம்பியிருக்கவில்லை.

விட்டு விட்டு ஒரு நீள்சதுரம் கீறினேன். ஓரத்தில் 'அகற்றப்படும்' என்று சின்னதாக எழுதினேன். ஐயா படியேறி வந்து பென்சிலை எடுத்துக் காதில் செருகினார்.

சனிக்கிழமை வைத்திலிங்கம் ஐயா அந்தக் கோட்டுக்கு மேலால், தொடாமல், விரலை ஒருமுறை சுற்றிக் கொண்டுபோனார்.

"இடிக்கிறதுக்கெண்டால் கீறலாம்," என்றார்.

படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தபோது இன்னொரு வேலை சொன்னார். வெளிக்கிடுகிற நாள் குறித்தாகிவிட்டது, நேரமும் பார்த்தாகிவிட்டது. அன்று காலையில் வந்து வளவில் நூல் பிடித்துத் தரவேண்டும். நூல் பிடிப்பது என்றால், அத்திவாரம் வெட்டுமுன் படத்தில் உள்ள சுவர்களை நிலத்தில் குறிப்பது. மூலைக்கு மூலை முளைக்கட்டை அடித்து, சுவர் வருகிற இடமெல்லாம் கயிறு கட்டி, வாசல் வருகிற இடத்தில் மட்டும் இடைவெளி விடுவோம். மறுநாள் மேசன் வருவான் என்றால்தான் அதைச் செய்வது வழக்கம். மேசன் வரப்போவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முளைக்கட்டையும் சுத்தியலும் கயிறும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் வேலையைத் தொடங்கினோம். கயிறு பங்கருக்கு மேலால், மண்மூட்டைகளில் ஏறி இறங்கிப் போனது. அதைக் கண்டு ஒழுங்கைச் சனம் கலவரத்தோடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

"ஐயா, எங்கடை பங்கரை இடிக்கப்போறியளோ?" என்று ஒரு மனிசி கேட்டா.

"இப்ப இல்லை. வீடு கட்டேக்கைதான். அதுவரைக்கும் பாவியுங்கோ."

அவ ஆறுதலாகப் போனா. வழியனுப்ப வந்த சொந்தக்காரர், பின்னறை கொடுத்தவர், சுணங்குதே என்ற அவசரத்தில் கயிற்றைத் தாண்டிக் காலை வைத்து நேரே மண்டபத்துக்குள் வந்தார்.

"சுவருக்குள்ளாலை வாறீர்," என்றார் வைத்திலிங்கம் ஐயா. "வாசலாலை வாரும்."

அந்த மனிதர் வந்த காலைப் பின்னால் எடுத்து, கயிற்றைச் சுற்றிப் போய், இடைவெளியால் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றியது யாரும் சொல்லாமல்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் வாசலாலே வந்தார்கள். சுவாமியறை மூலையில் ஒரு தேங்காய் உடைத்தார்கள்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ஒஸ்ரின் கார் ஒழுங்கை முகப்பில் புகைத்துக்கொண்டு நின்றது. அதில்தான் கிளாலிப் பக்கம் போகவேண்டும். அன்று அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும், கனடாவில் காத்திருந்தவர் காத்துத்தான் இருந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மறக்காமல் இருப்பது அதற்கு முந்திய கொஞ்ச நேரம்.

சாரதி காரின் கோணை அடித்தான். வைத்திலிங்கம் ஐயா விறாந்தையைத் தாண்டி, படி வருகிற இடத்தில் காலை உயர்த்தி இறக்கி, வெளியே வந்து வீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். போகலாம் பிள்ளை என்று கூப்பிட்டார்.

ரீச்சர் வரவில்லை. தன் அறை என்று குறித்திருந்த கயிற்றுச் சதுரத்தின் நடுவில் நின்றாள். இரண்டு கையையும் பக்கத்துக்கு விரித்து, பிறகு மற்றப் பக்கம் திரும்பி விரித்துப் பார்த்தாள்.

"அப்பா, இது காணாது. கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை."

"படத்திலை பாத்தனிதானே?"

"படத்திலை பெரிசாத் தெரிஞ்சுது. விறாந்தையிலை ரண்டடி எடுக்கலாம்."

"விறாந்தையிலை கை வையாதை. நான் எங்கை இருக்கிறது?"

"றோட்டைப் பாக்கிறதுக்கு எவ்வளவு இடம் வேணும் உங்களுக்கு?"

அவர் என் கையை விட்டார். படியில் ஏறி, வாசலால் நுழைந்து, மறுபடி உள்ளே போனார். அதற்குள் அவள் குனிந்து மூலைக்கட்டையைப் பிடுங்கிவிட்டாள். அவரும் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு அடி," என்றார்.

"ஒண்டரை."

கோண் மறுபடி அடித்தது. இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. நான் சுத்தியலோடு, கட்டையை எந்த இடத்தில் அடிக்கச் சொல்லப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.